மேல்ஜன்னல்களில் ஒரே முகம்

"நாளைக்கு நான் வெல்லப் போறன் அக்கா. எனக்குப் பயமாய்க் கிடக்கு."

தேர்தலில் தோற்கப் பயந்தவர்களைக் கிளறிற்றா நிறையவே பார்த்திருக்கிறாள். கவுன்சிலின் தேர்தல் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், லண்டனின் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். வெற்றிக்குப் பயந்துகொண்டு அந்தப் படியேறி வந்த முதல் ஆள் இந்தத் தனுஷியாதான்.

தனுஷியாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குடிவரவு வழக்குகள் பார்க்கும் சொலிசிட்டர். பிறாம்லி மார்ஷ் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். அந்தத் தொகுதி ஒரு நிலையில் நிற்காதது. ஒருமுறை ஆளுங்கட்சி, மறுமுறை எதிர்க்கட்சி என்று மாறி மாறிப் புரளும். போனமுறை வென்றவர் கூடுதலாகப் பெற்ற வாக்காளர்களை ஒரு கலியாண மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரே பந்தியில் சோறு போட்டு அனுப்பியிருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே தமிழ் வீடுகள் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால் கதை முடிந்தது. ஆனால் அவை என்றைக்கும் சாய்ந்ததில்லை. பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. மிச்சப் பேர் ஆளுக்கொரு திக்கில் போடுவார்கள்.

"நாலு தமிழர் சேர்ந்தா அஞ்சு சங்கம்," என்றான் றூபன். மினிகாப் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது கிளறிற்றாவின் உதவியாளன். வாய் ஓய்வெடுத்து அவனை யாரும் பார்த்ததில்லை. "அந்தக் கோயில்காரரும் இந்தக் கோயில்காரரும் உங்கட படத்தையே ஒட்டியிருக்கினமாம். என்ன மந்திரம் ஓதினனீங்கள்? என்ர மனிசிக்கும் மாமிக்கும் ஒருக்கா ஓதிப் பாப்பம்."

தனுஷியா சிரிக்கவில்லை. "அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களிட்ட வந்தனான்."

"விபரமாய்ச் சொல்லுங்கோ," என்றாள் கிளறிற்றா.

"முதல்ல கதவைத் தட்டினா, 'பாப்பம் பிள்ளை' எண்டுவினம். எங்கட ஆக்கள் பாப்பம் எண்டா போடமாட்டம் எண்டு அர்த்தம். அதுகூட எனக்குச் சந்தோசம், மரியாதையாச் சொல்லுகினம். போன கிழமைக்குப் பிறகு எல்லாம் மாறிப்போச்சு. நான் வாய் திறக்க முதல், 'உமக்குத்தான், உமக்குத்தான்' எண்டுகினம். ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கிறேல்லை. ஒரு ஐயா கையெடுத்துக் கும்பிட்டார் அக்கா. என்ர அப்பா இருந்தா அவற்ற வயசுதான் இருக்கும். ஏன் என்னைக் கும்பிட வேணும்?"

றூபன் மேசையில் கிடந்த அவளுடைய நோட்டீசை எடுத்துப் புரட்டினான். முன்பக்கத்தில் ஊதா நிறத்தில் அவள் படம். பஸ்சின் மேல்தட்டில், முன் இருக்கையில் சிரித்துக்கொண்டிருந்தாள். தினமும் உங்கள் வீடுகளைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன் என்று கீழே ஒரு வரி. பின்பக்கம் முழுக்க அவளுடைய அப்பா யோகராஜா அகதியாக வந்த கதை.

"அப்பாவைப் பற்றி உருக்கமாய் எழுதியிருக்கிறியள்."

"அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே கதை அது. போன வருசம் மோசம் போனவர். செத்தவீட்டிலயும் அதைத்தான் வாசிச்சனான்." தனுஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆரோ ஒருத்தன் எனக்காக அவையை வெருட்டுறான். நான் வெண்டா ஒரு நாள் வந்து நிப்பான், 'உன்னை அனுப்பினது நான்தான்' எண்டு. அப்ப நான் ஆற்ற எம்.பி. அக்கா? சனத்தின்ரயோ, அவன்ரயோ?"

"பெயரை விலக்க ஏலாது. அந்த நாள் முடிஞ்சுது. வாக்குச்சீட்டு அச்சடிச்சாச்சு," என்றாள் கிளறிற்றா.

"தெரியும். அதாலதான் ஆள் ஆரெண்டு இண்டைக்கே தெரியவேணும். தெரிஞ்சா நானே பொலிசுக்குப் போவன். தோத்தாலும் பரவாயில்லை. பயத்தில விழுகிற வோட்டு எனக்கு வேண்டாம்."

அவள் படியிறங்கிப் போகும்வரை றூபன் வாயை மூடிக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

●

மில்ஃபீல்ட் வீதி நீளமான வீதி. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வானம் மந்தாரமாய்க் கிடந்தது. வீட்டுக்கு வீடு ஊதாப் படம். கட்சிக்காரர்களின் படங்களெல்லாம் கீழ்ஜன்னலிலும் வேலியிலும் கண்ணுக்கு நேரே நின்றன. தனுஷியாவின் முகம் மட்டும் எல்லா வீட்டிலும் மேல்ஜன்னலில் இருந்தது. வீதியில் நடக்கிறவன் அதைப் பார்ப்பதென்றால் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். அத்தனை ஜன்னலிலிருந்தும் ஒரே முகம் சிரித்தது. யாரோ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

"முடக்கால திரும்பிப் பார்," என்றாள் றூபனிடம்.

அவன் குறுக்குத் தெருவுக்குள் ஓடிப் போய் வந்தான். "அக்கா, அங்கயும் எங்கட ஆக்கள்தான். ஒரு வாசல்ல மாவிலை, ஒரு வாசல்ல மாதா. ஆனா ஒரு படமும் இல்லை. வெருட்டுறவன் சோம்பேறி போல. முடக்குத் திரும்பமாட்டான்."

"சோம்பேறியோ, வேற காரணமோ," என்றபடி கிளறிற்றா அருகிலிருந்த வீட்டின் மணியை அழுத்தினாள். பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டிய கதவு. தவமலர் என்று கோயில் பக்கம் அறிந்த முகம்தான். அறுபத்தைந்து வயதிருக்கும், கணவனை இழந்தவள். யாழ்ப்பாணத்து ஏழாலைப் பக்கம் என்று கேள்வி.

கதவு ஒரு சாண் திறந்தது. "போட்டிட்டன். மேல பாருங்கோ," என்றாள் தவமலர், வந்தவர்கள் யாரென்றுகூடக் கேட்காமல்.

"படம் பாக்க வரேல்லை அக்கா. சும்மா கதைக்க வந்தனாங்கள்."

சும்மா என்றதும் அவள் முகம் இன்னும் வெளிறியது. ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பழக்கம் போகுமா? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. மற்றக் கட்சிகளின் நோட்டீசுகள் சமையலறை மேசையில் வெங்காயத்தோல் ஏந்திக்கொண்டு கிடந்தன. தனுஷியாவின் நோட்டீஸ் மட்டும் சாமித்தட்டில், முருகன் படத்துக்கு முன்னால், திருநீற்றுக் கிண்ணத்தின் கீழ் இருந்தது.

"ஆரும் வந்து உங்களை வெருட்டினவையோ?"

"ஐயோ, ஒருத்தரும் வரேல்லை."

"போனில?"

"இல்லை, இல்லை. நான் என்ர விருப்பத்தில ஒட்டினனான்."

"அப்ப ஏன் மேல ஒட்டினனீங்கள்? கீழ ஒட்டியிருக்கலாமே."

"தெரியிற இடத்திலதானே ஒட்டியிருக்கிறன்!" தவமலர் எழுந்தே விட்டாள். "தெரியேல்லை எண்டு சொன்னவவோ? தெரியேல்லை எண்டா மாத்தி ஒட்டுறன். அவவுக்குச் சொல்லுங்கோ. எனக்கு இஞ்ச ரெண்டு பேரப்பிள்ளையள். இந்த வயசில என்னைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டா..." சொன்னவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மேல்ஜன்னல் வெறுமையாக இருந்தது. அந்த வரிசையில் வெறுமையாக இருந்த ஒரே தமிழ் வீடு அதுதான். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து குடியேறியவர், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"ஆமா மேடம், போன வாரம் அந்த நோட்டீஸ் எங்களுக்கும் வந்துச்சு. அவங்க அப்பா கிணத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த கதை இருக்கே, படிச்சிட்டு என் வைஃப் அழுதுட்டா. போஸ்டர் ஒட்டலாம்னுதான் நெனச்சேன். வாடகை வீடு, ஓனர் ஏதாச்சும் சொல்வாருன்னு விட்டுட்டேன்."

"ஆரும் வந்து ஒட்டச் சொல்லேல்லையோ?"

"இல்லையே. ஏன், எதாச்சும் பிரச்சினையா?"

அவரிடம் பயத்தின் சாயல்கூட இல்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி வாசலில் நின்று வழியனுப்பினார்.

வெளியே வந்து நின்றபோது ஒரு சிவப்பு பஸ் அவர்களை உரசிக்கொண்டு போனது. கிளறிற்றா தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். பஸ்சின் மேல்தட்டு, தவமலரின் மேல்ஜன்னலுக்குச் சரி நேராகப் போயிற்று. மேல்தட்டின் முன் இருக்கையில் குல்லா போட்ட ஒரு கிழவர். ஜன்னலோடு முகத்தை ஒட்டி, ஊதாப் படத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

"தெரியிற இடம்," என்றாள் கிளறிற்றா. "றூபன், பஸ் போகாத தெருவில ஏன் படம் இல்லை எண்டு இப்ப விளங்குதோ?"

"பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மேல இருந்து ஒருத்தர் இடாப்புக் கூப்பிடுறார்," என்ற றூபன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தான். "கெதியாய் வாங்கோ அக்கா. அடுத்த பஸ் கோல்ட்டில பிடிச்சிடலாம்."

●

பிடித்துவிட்டார்கள். கிளறிற்றாவுக்கு மேல்தட்டு ஏறுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. பள்ளிக்கூடம் விடாத நேரம் என்பதால் மேலே வேறு ஆட்கள் இல்லை. கிழவர் முன் இருக்கையில் அசையாமல் இருந்தார். ஒவ்வொரு ஊதாப் படம் வரும்போதும் அவர் உதடு மெல்ல அசைந்தது. ஒரு பெயரைச் சொல்வது போலவும் இருந்தது, செபம் சொல்வது போலவும் இருந்தது.

கடைசித் தரிப்பிடத்தில் அவர் இறங்கவில்லை. பஸ் திரும்பியது. அவரும் அதிலேயே திரும்பினார்.

"ஆள் அம்பிட்டார்," என்று றூபன் காதுக்குள் கிசுகிசுத்தான். "முதியோர் பாஸில ஓசியில போய் வந்து ஊரை மேய்க்கிற தாதாவை இப்பதான் பாக்கிறன்."

கிழவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தபோது கிளறிற்றாவுக்கு முகம் தெரிந்தது. விஜயரத்தினம்! தொண்ணூறுகளில் அகதி வழக்குகள் பார்த்த ஒரு வக்கீல் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அந்தக் காலத்தில் கிழக்கு லண்டனுக்கு வந்த தமிழரில் பாதிப் பேரின் வாக்குமூலம் இவருடைய வாயால்தான் இங்கிலிசுக்கு மாறியது. யார் எப்படி வந்தார், எதைச் சொல்லி இருக்க இடம் எடுத்தார் என்பதெல்லாம் இந்த ஒரு மண்டைக்குள் இருந்தது. ஒரு தெருவையே வெருட்டி வைத்திருக்க இதைவிட என்ன ஆயுதம் வேண்டும்?

அவள் அவருக்குப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். "விஜயரத்தினம் அண்ணை, என்ன பாக்கிறியள்?"

அவர் திரும்பவில்லை. "என்ர ஆக்களைப் பாக்கிறன். இந்த றோட்டில படம் ஒட்டினது முழுக்க என்ர ஆக்கள்."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, மறைப்பும் இல்லை. கிளறிற்றாவுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் ஐயா, வயசான சனத்தை இப்பிடி வெருட்டுறியள்?" என்றான் றூபன். "உங்கட வயசுக்கு ஒரு சீட்டுக்கட்டோட பார்க்கில இருந்தா என்ன?"

விஜயரத்தினம் அப்போதுதான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நானோ? வெருட்டுறதோ? தம்பி, என்ர வீட்டு மேல்ஜன்னல்லயும் ஒண்டு கிடக்கு. அடுத்த வளைவில வரும், பாரும்."

வந்தது. கடைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், அதில் ஊதாப் படம்.

"அந்த நோட்டீசை நீங்கள் ரெண்டு பேரும் வடிவாய் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டார் கிழவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்புவித்தார். "பூவரச இலை மிதக்கும் கிணற்றுக்குள், துலாக் கயிற்றைப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் விடியும்வரை நின்றேன். மேலே சப்பாத்துச் சத்தம் போய் வந்துகொண்டிருந்தது."

"ஓம், தனுஷியான்ர அப்பாவின்ர கதை," என்றாள் கிளறிற்றா.

"தவமலரின்ர கதையும் அதுதான். அவவுக்கு அங்கால இருக்கிற தையல்காரற்ற கதையும் அதுதான். இந்த றோட்டில படம் ஒட்டின வீடு எல்லாத்தின்ரயும் கதை அதுதான். ஒரு சொல் மாறாது. நான்தான் பாடமாக்கிக் குடுத்தனான்."

பஸ் ஒரு சிக்னலில் நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"பொய் சொல்ல வந்த சனம் இல்லை அதுகள். நடந்தது அதைவிடக் கொடுமை. ஆனா சொல்ல வாய் வராது. வந்து இருந்து நிலத்தைப் பாத்துக்கொண்டிருப்பினம். ஒரு பொம்பிளை, முன்பின் தெரியாத ஆம்பிளை எனக்கு எதையெண்டு சொல்லுறது? மேசைக்கு அங்கால இருக்கிறவனுக்குத் திகதி வேணும், நேரம் வேணும், அழாமல் சொல்லவேணும். சொல்லாட்டித் திருப்பி அனுப்புவான். என்னட்டச் சொல்லக்கூடிய கதை ஒண்டு இருந்தது. குடுத்தன். ஒவ்வொருத்தருக்கும், 'இது உமக்கு மட்டும்தான்' எண்டு சொல்லிக் குடுத்தன்."

கிளறிற்றாவுக்கு எல்லாம் ஒரே அடியில் விளங்கிவிட்டது. சாமித்தட்டில் இருந்த நோட்டீஸ். விசாவோடு விமானத்தில் வந்திறங்கிய கோயம்புத்தூர்க்காரருக்கு இல்லாத பயம். தெரியிற இடம். தினமும் உங்கள் வீடுகளைத் தாண்டித்தான் போகிறேன் என்று பஸ்சின் மேல்தட்டிலிருந்து சிரிக்கும் ஒரு பெண். அவள் குடிவரவு வழக்குகள் பார்க்கும் சொலிசிட்டர், நாளைக்கு எம்.பி. ஆகப் போகிறவள். அவள், ஒவ்வொருவரும் இத்தனை வருடம் நெஞ்சுக்குள் பூட்டிவைத்த வாக்குமூலத்தைச் சொல்லுக்குச் சொல் அச்சடித்துக் கதவிடுக்கால் போடுகிறாள். தன்னுடைய ரகசியம் அவள் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக நடுங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டிடம் கேட்டால் கேட்கிறவர் அகப்பட்டுவிடுவாரே, எப்படிக் கேட்பது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேய் ஊதா நிறத்தில் சிரித்துக்கொண்டு நின்றது.

"வெருட்டினது வேற ஒருத்தரும் இல்லை றூபன்," என்றாள். "கண்டுபிடியுங்கோ எண்டு எங்களிட்ட வந்து அழுத பிள்ளைதான்."

"கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதையாய்ப் போச்சே," என்ற றூபன், சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

●

தனுஷியாவின் தேர்தல் கந்தோர் மூடிப்போன ஒரு லோண்ட்றிக் கடையில் இருந்தது. தொண்டர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கிளறிற்றா சொல்லி முடித்தபோது தலையைப் பலமாக ஆட்டினாள்.

"இல்லை. மற்றவைக்கு இந்த அங்கிள் என்ன குடுத்தாரோ எனக்குத் தெரியாது. அது அப்பாவின்ர கதை. அவருக்கு நடந்தது. அவர் அதை மற்றவைக்குச் சொல்லியிருப்பார், அவை எடுத்திருப்பினம்."

விஜயரத்தினம் குல்லாவைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். "அது என்ர கிணறு பிள்ளை. நான் நிண்டது. என்ர தம்பியும் என்னோட இறங்கினவன். அவன் விடியும்வரைக்கும் கயித்தைப் பிடிச்சிருக்கேல்லை. அதை மட்டும் நான் ஆருக்கும் குடுக்கேல்லை."

தனுஷியா மிக மெதுவாக, "அப்ப அப்பா?" என்று கேட்டாள்.

"உம்மட அப்பாவுக்கு நடந்தது வேற. சொல்லத் துவங்கினவர். பாதியில நிப்பாட்டிப்போட்டு, 'அண்ணை, வேற ஏதும் இருந்தாத் தாங்கோ' எண்டு கேட்டவர். மிச்சம் எனக்கும் தெரியாது."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அப்பாவை எரித்த நாளில்கூட அவள் இப்படி உடைந்திருக்க மாட்டாள் என்று கிளறிற்றாவுக்குத் தோன்றியது. அன்றைக்கு ஒரு கதையாவது மிச்சம் இருந்தது. கண்ணீர் வரவில்லை, கை இரண்டையும் மடியில் வைத்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே தொண்டர்கள் நாளைய வெற்றியைப் பற்றிச் சத்தம்போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"படம் தெரியேல்லையோ எண்டு பதறின அன்ரியின்ர வீடு எது?" என்றாள் கடைசியில். "முதல் அங்க போவம்."

●

தவமலரின் கதவு முன்போலவே ஒரு சாண் திறந்தது. வாசலில் தனுஷியாவையே கண்டதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, மேல இருக்கிற என்ர படத்தைக் கழட்டிப்போடுங்கோ. எனக்கு உங்களைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஒண்டும் செய்யவும் மாட்டன். நீங்கள் பயப்பிடாதையுங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம், ஓம்," என்றாள் தவமலர். கதவு மூடிக்கொண்டது.

விஜயரத்தினம் தேர்தல் கந்தோரிலேயே இருந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் நடைபாதையில் நின்றார்கள். மேல்ஜன்னலில் அசைவில்லை. சற்று நேரத்தில் கீழ்ஜன்னலின் வலைத்திரை விலகியது. நடுங்கும் இரண்டு கைகள் கண்ணாடியில் எதையோ வைத்து அழுத்தின. ஊதா நிறம். மேலே ஒரு தனுஷியா, கீழே ஒரு தனுஷியா.

தனுஷியா தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்டும் செய்யமாட்டன் எண்டுதானே சொன்னனான்," என்றாள் அழுகையை அடக்கிக்கொண்டு.

"செய்ய ஏலுமான ஆள்தான் செய்யமாட்டன் எண்டு சொல்லும்," என்றாள் கிளறிற்றா. "அவவுக்கு அப்பிடித்தான் கேட்டிருக்கும்."

"அப்ப நான் என்ன சொன்னா அவ நம்புவா?"

கிளறிற்றாவுக்கு விடை தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை. இந்தப் பிள்ளை அதைச் சொன்னால், நாளை மாலைக்குள் அது தெருவெல்லாம் போகும். பத்திரிகைக்காரன் மணந்து பிடிப்பான். வக்கீல் வேலைக்கே ஆபத்து வரலாம். செத்துப்போன யோகராஜாவின் பெயரைச் சந்தியில் இழுப்பார்கள். நோட்டீசில் அச்சடித்த கதைக்கு நாளைக்கே பதில் சொல்ல வேண்டும். ஆனால் தனுஷியாவும் சட்டம் படித்தவள். அவள் முகத்தைப் பார்த்தபோது, விடை அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று கிளறிற்றாவுக்குப் புரிந்தது.

"யோசிச்சுச் செய்யுங்கோ பிள்ளை," என்று மட்டும் சொன்னாள்.

தனுஷியா திரும்பிப் போய் மணியை அழுத்தினாள். கதவு திறக்க நேரமெடுத்தது. திறந்ததும் அவள் உள்ளே பார்க்காமல், வாசற்படியில் தவமலரின் காலடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவளுடைய வாக்காளர்கள் ஒரு கிழமையாக அவளிடம் பேசிய மாதிரியே அந்தப் பேச்சும் இருந்தது.

"அன்ரி, என்ர அப்பா அந்தக் கிணத்துக்குள்ள நிக்கேல்லை."

தவமலர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"விஜயரத்தினம் அங்கிள்தான் அப்பாவுக்கும் குடுத்தவர். எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். உண்மையெண்டு நினைச்சுத்தான் நோட்டீசில போட்டனான். இப்ப நீங்கள் நினைச்சா என்னை எங்கயும் காட்டிக்குடுக்கலாம்."

"யோகராஜாவுமோ?" என்றாள் தவமலர்.

"ஓம் அன்ரி."

"இந்த றோட்டில..."

"எல்லாரும் அன்ரி. நீங்கள் தனிய இல்லை."

தவமலர் கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு உள்ளே போனாள். கீழ்ஜன்னலிலிருந்து ஊதா நிறம் மறைந்தது. படியில் அவள் மெல்ல மெல்ல ஏறும் சத்தம் கேட்டது. மேல்ஜன்னலும் வெறுமையானது. இறங்கி வந்தவள் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்காக மடித்து, தனுஷியாவின் கையில் கொடுத்தாள். அவள் கை இப்போது நடுங்கவில்லை. அந்தக் கையால் தனுஷியாவின் கன்னத்தை ஒருமுறை தடவினாள்.

"உம்மட அப்பாவுக்கு என்ன நடந்ததெண்டு எனக்கும் தெரியாது பிள்ளை. எனக்கு நடந்ததும் ஒருத்தருக்கும் தெரியாது. அது அப்பிடியே இருக்கட்டும்."

"சரி அன்ரி. நாளைக்கு வோட்டுப் போடப் போவீங்களோ?"

"கட்டாயம் போவன்." தவமலர் நிமிர்ந்து, முதன்முறையாக அவள் கண்ணுக்குள் பார்த்தாள். "ஆருக்குப் போடுவன் எண்டு உமக்குச் சொல்லமாட்டன்."

கதவு மூடியது. தனுஷியா மடித்த படங்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீதியை நெடுகப் பார்த்தாள். கண்ணுக்கெட்டும் தூரம்வரை மேல்ஜன்னல்களில் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் தையல்காரரின் வீட்டுப் படியில் ஏறி மணியை அழுத்தினாள்.